ஆளை மாற்றி ஆசியாவை ஜெயித்த வாத்தியார்

கால்பந்து மேதை ரஹீமின் வாழ்க்கை

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சாயங்கால மணி அடித்ததும் உடற்பயிற்சி ஆசிரியர் விசிலைக் கையில் எடுப்பார். கல்வராயன் மலை மேலே இருக்கும் வெள்ளிமலையிலும் அதே கதைதான். பையன்கள் ஓடி வந்து நிற்பார்கள். வந்தவர்கள் முப்பது பேர் என்றாலும் கோஷ்டியில் இடம் பதினொரு பேருக்குத்தான்.

யாரைச் சேர்ப்பது? யாரை உட்கார வைப்பது? முன்னால் ஆடுகிறவனைப் பின்னால் போடலாமா? பின்னால் நிற்கிறவனை முன்னால் அனுப்பலாமா? இதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியவர் விசில் வைத்திருக்கும் வாத்தியார். கோஷ்டி ஜெயித்தால் பையன்களைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் வாத்தியாரை ஏசுவார்கள்.

அப்படிப்பட்ட பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இந்தியாவுக்கே கோஷ்டி பொறுக்கினார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு தடவை தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்தார். ஒலிம்பிக் கால்பந்தில் நாலாவது இடம் வரைக்கும் இந்தியாவைக் கொண்டுபோனார். அவர்தான் சையத் அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்கள் அவரை ரஹீம் சாகிப் என்று மரியாதையாக அழைத்தார்கள்.

பாடம் சொன்ன கை

ரஹீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆண்ட சமஸ்தானம். சிறு வயதிலேயே பந்து மீது அவருக்குப் பித்து. ஆனால் படிப்பையும் விடவில்லை. உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். பல்கலைக் கழகக் கோஷ்டியிலும், உள்ளூர்க் கிளப்பிலும் ஆடிப் பெயர் எடுத்தார்.

படிப்பு முடிந்ததும் காச்சிகுடா நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். பிறகு வேறு பள்ளிகளுக்கு மாறினார். உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமாவும் பெற்றார். பகலில் வகுப்பு, சாயங்காலம் மைதானம் என்று காலம் ஓடியது.

வகுப்பறை அவருக்கு ஒரு வித்தையைக் கற்றுக் கொடுத்தது. நாற்பது பையன்கள் உட்கார்ந்திருந்தால் நாற்பது பேரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. ஒருவனுக்குக் கணக்கு வரும். இன்னொருவனுக்குப் பாட்டு வரும். எவனுக்கு எது வரும் என்று கண்டுபிடிப்பதில்தான் வாத்தியாரின் திறமை இருக்கிறது. இந்த வித்தையை ரஹீம் மைதானத்துக்கு எடுத்துப் போனார்.

1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் காரியதரிசிப் பொறுப்பு அவரிடம் வந்தது. சாகும் வரைக்கும் அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. பந்தயங்களுக்கு அவர் வகுத்த விதிகள் விசித்திரமானவை. ஒரு பந்தயத்தில் பந்தைத் தானே வைத்துக் கொண்டு வளைந்து வளைந்து ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு பந்தயத்தில் பழக்கம் இல்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலாலும், இடது கால்காரன் வலது காலாலும் ஆட வேண்டும்!

பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சில வருஷங்களில் ஹைதராபாத் பையன்களுக்கு இரண்டு காலும் வசப்பட்டன. யார் எந்தப் பக்கத்தில் நின்றாலும் ஆட முடிந்தது. ஆளை இடம் மாற்றும் வித்தைக்கு இதுவே அஸ்திவாரம்.

போலீஸ் கோஷ்டியின் பொற்காலம்

1950-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டிக்கு ரஹீம் பயிற்சியாளர் ஆனார். அது முதல் அந்தக் கோஷ்டி பிடித்த ஓட்டத்தை இந்தியாவே வாய் பிளந்து பார்த்தது.

அந்த நாளில் பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பைக்கும், டெல்லியில் நடக்கும் டூரண்டு கோப்பைக்கும் நாடு முழுவதும் மவுசு. டூரண்டு பந்தயம் 1888-லேயே தொடங்கியது. வெள்ளைக்காரப் பட்டாளங்கள் கட்டி ஆண்ட கோப்பை அது. 1940-ல்தான் முதல் தடவையாக ஓர் இந்தியக் கோஷ்டி அதை வென்றது.

ரஹீமின் போலீஸ் கோஷ்டி 1950-ல் கல்கத்தாவின் மோகன் பாகனைத் தோற்கடித்து டூரண்டு கோப்பையை எடுத்தது. அதே ஆண்டில் ரோவர்ஸ் கோப்பையும் வந்து சேர்ந்தது. 1951, 1952, 1953, 1954 என்று வரிசையாக ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பை ஹைதராபாத்தை விட்டு அசையவில்லை! 1954-லும் 1957-லும் டூரண்டு கோப்பையும் மறுபடி கிடைத்தது. சந்தோஷ் கோப்பைக்கான மாகாணப் போட்டியிலும் ஹைதராபாத் அடுத்தடுத்து இரண்டு தடவை ஜெயித்தது. போலீஸ் கோஷ்டி பின்னாளில் ஆந்திரப் பிரதேசப் போலீஸ் என்று பெயர் மாறி, 1961-ல் மீண்டும் டூரண்டு கோப்பையை வாங்கியது.

ஒரே கோஷ்டியை வைத்துக் கொண்டு இத்தனை வருஷம் யாராலும் ஜெயிக்க முடியாது. ஆட்டக்காரனுக்கு வயசாகும், காலில் அடிபடும். இதற்கெல்லாம் மேலே கல்கத்தாவின் ஆசை காட்டும் கை இருந்தது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகன், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெரிய கிளப்புகள் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் வலை வீசும். எந்த ஆட்டக்காரன் எந்தக் கிளப்பில் கையெழுத்துப் போடப் போகிறான் என்பதே அந்த நகரத்தில் பெரிய பேச்சு. கையெழுத்து வாங்கும் வரைக்கும் ஆட்டக்காரனை ஒளித்து வைத்த கதைகளும் அங்கே உண்டு.

ரஹீம் வளர்த்த பையன்கள் பலர் இப்படிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். வறுமையில் வளர்ந்தவன் நாலு காசு பார்க்கப் போகிறான் என்றால் தடுக்க முடியுமா? ரஹீம் காலியான இடத்துக்கு அடுத்த பையனைத் தயார் செய்தார். போலீஸ் உத்தியோகம் இருந்ததால் சிலர் ஹைதராபாத்திலேயே தங்கினார்கள். போனவர்கள் போக, வந்தவர்களை வைத்து அடுத்த சீசனுக்குக் கோஷ்டி தயாராகிவிடும். ஒருவர் போனால் விழுந்துவிடும் கோஷ்டியை அவர் ஒருபோதும் கட்டவில்லை.

வெறுங்காலும் பூட்சும்

1951-ல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் நடந்தது. இந்தியக் கோஷ்டிக்கு ரஹீம் பயிற்சியாளர். சைலன் மன்னா காப்டன். இறுதிப் பந்தயத்தில் ஈரானை 1-0 என்று இந்தியா ஜெயித்தது. மேவாலால் போட்ட கோல் தங்கத்தைக் கொண்டுவந்தது. நாடு குதூகலித்தது.

மறு வருஷமே இடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. பத்துக் கோல்! அகமது கான் கடைசி நேரத்தில் திருப்பிய ஒரு கோல்தான் ஆறுதல்.

அப்போது இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இதில் கேலிக்கு இடமில்லை. கல்வராயன் மலைப் பாதைகளில் செருப்பில்லாமல் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், காய்ந்த மண்ணில் வெறுங்காலுக்கு இருக்கும் பிடிப்பு. பந்தும் விரலுக்குக் கட்டுப்படும். ஆனால் குளிர் நாட்டின் புல்தரையில், ஆணி வைத்த பூட்ஸ் அணிந்தவர்களுக்கு எதிரே, அந்தப் பழக்கம் எடுபடவில்லை.

ரஹீம் சாக்குச் சொல்லவில்லை. வந்த பழியைத் தோளில் வாங்கிக் கொண்டார். இனிமேல் பூட்ஸ் போட்டே ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கட்டாயமாக்கியது. ரஹீம் ஆட்டத்தின் அமைப்பையும் மாற்றினார். பின்னால் இரண்டே பேர் காவல் நிற்கும் பழைய முறை ஐரோப்பியர்களுக்கு எதிரே செல்லாது என்று கண்டார். பின்னால் ஆள் கூட்டினார். நடுவில் ஆடுகிறவர்களை முன்னும் பின்னும் ஓட வைத்தார். பின்னால் நான்கு, நடுவில் இரண்டு, முன்னால் நான்கு என்ற அணிவகுப்பை 1958 உலகக் கோப்பையில் பிரேசில் காட்டியபோது உலகம் வியந்தது. அதற்கு முன்பே ரஹீம் அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார் என்பது கால்பந்து வரலாறு எழுதியவர்கள் பலரின் கணிப்பு.

மெல்பர்ன் அதிசயம்

1956-ல் ஒலிம்பிக் போட்டி ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் நடந்தது. முதல் சுற்றில் ஹங்கேரி வரவில்லை. கால் இறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. சொந்த மண்ணில் ஆடும் ஆஸ்திரேலியாதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. இந்தியா 4-2 என்று ஜெயித்தது! நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்துப் பந்தயம் ஒன்றில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. இன்னொரு கோலைப் போட்டவர் கிட்டு என்ற கிருஷ்ணசாமி. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரை இறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா! முதல் கோலைப் போட்டது இந்தியாதான். ஆனால் முடிவில் 1-4 என்று தோற்றது. மூன்றாவது இடத்துக்கான பந்தயத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்று, நாலாவது இடம் பெற்றது. நான்கு வருஷத்துக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாடு இப்போது உலகில் நாலாவது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது.

தினம் ஒரு ரூபாய்

ரஹீம் ஆள் தேடிய விதத்துக்கு ஓர் உதாரணம் உண்டு. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா கிராமத்தில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பையன் துளசிதாஸ் பலராமன். பந்தாட்டத்தில் சூரன். ஆனால் ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போகக் கையில் காசில்லை.

ரஹீம் அவனை விடவில்லை. வாடகை சைக்கிளில் வந்து போகத் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்தில் ஒரு ரூபாய் அப்போது சின்னத் தொகை அல்ல. அந்தப் பையன்தான் பின்னாளில் பலராம் என்று புகழ் பெற்றார். மெல்பர்னுக்குப் போன கோஷ்டியில் இடம் பிடித்தார். 1957 முதல் ஈஸ்ட் பெங்காலில் ஆடினார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவரும் அவரே.

இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத்துக்காரர்தான். ஆரம்பத்தில் முன்னணியில் சென்டர் பார்வர்டாக ஆடினார். பிறகு கோல் கீப்பராக மாறினார். ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமெண்டு சென்டர் கோஷ்டிக்கு ஆடினார். அந்தக் கோஷ்டி 1955-லும் 1958-லும் டூரண்டு கோப்பையை ஜெயித்தது. நெடிய உருவம், நீண்ட கை. இவரைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம்.

ஜாகர்த்தாவில் சோதனை

1962-ல் இந்தோனேசியத் தலைநகர் ஜாகர்த்தாவில் நாலாவது ஆசியப் போட்டி. சுனி கோஸ்வாமி காப்டன். பி.கே.பானர்ஜி, பலராம், ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான், தங்கராஜ் எல்லோரும் கோஷ்டியில் இருந்தார்கள். எத்திராஜ், அருமைநாயகம் என்ற தமிழர்களும் இருந்தார்கள்.

ரஹீமின் உடல் அப்போது உள்ளுக்குள் அரித்துக் கொண்டிருந்தது. அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். ஆனாலும் ஓய்வு எடுக்கவில்லை.

முதல் பந்தயத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தது. ஆனால் அந்த ஜெயத்துக்குக் கொடுத்த விலை பெரிது. பின்னணியின் தூணான ஜர்னைல் சிங் தலையில் பலத்த காயம்பட்டார். தையல் போட வேண்டியதாயிற்று. தங்கராஜுக்கோ காய்ச்சல். கோல் காக்க பிரத்யுத் பர்மன் நின்றார். திரிலோக் சிங்கின் காலிலும் அடி. இருந்தும் ஜப்பானை 2-0 என்று ஜெயித்து இந்தியா அரை இறுதிக்கு வந்தது.

மைதானத்துக்கு வெளியே இன்னொரு நெருப்பு. தைவானையும் இஸ்ரேலையும் போட்டிக்கு வரவிடாமல் இந்தோனேசியா தடுத்திருந்தது. இதை இந்தியாவின் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் ஜி.டி.சோந்தி கண்டித்தார். ஜாகர்த்தா ஜனங்களுக்கு இந்தியர் மீது கோபம் மூண்டது. இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. இந்திய ஆட்டக்காரர்கள் தெருவில் தலைகாட்டவே தயங்கினார்கள்.

பின்னால் நின்றவர் முன்னால் வந்தார்

அரை இறுதிக்கு யாரை அனுப்புவது? ஜர்னைல் தலையில் கட்டோடு இருக்கிறார். பின்னணியில் நின்றால் உயரப் பந்தை அடிக்கடி தலையால் தடுக்க வேண்டும். தையல் பிரிந்துவிடும். விட்டுவிடவும் மனமில்லை. அவரைப் போன்ற பலசாலி வேறு இல்லை.

ரஹீம் ஒரு முடிவுக்கு வந்தார். ஜர்னைல் இளமையில் முன்னணியில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார். பின்னணியின் நடுவை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். கேட்டவர்கள் திகைத்தார்கள். தலை உடைந்தவரை எதிரிகளின் முட்டலுக்கு நடுவே அனுப்புவதா? நாட்டின் சிறந்த காவல்காரனைக் கோட்டையை விட்டு வெளியே அனுப்புவதா? இது சூதாட்டம்தான். தோற்றால் முழுப் பழியும் ரஹீம் தலையில் விழும்.

இந்தக் காலம் போல ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றிக் கொள்ளும் வசதியும் அப்போது இல்லை. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கியது 1970-ல்தான். எழுதிக் கொடுத்த பதினொரு பெயர்தான் கடைசி வரைக்கும். தப்பாக எழுதினால் திருத்த முடியாது.

தென் வியட்நாமுடன் நடந்த அரை இறுதியில் இந்தியா 3-2 என்று ஜெயித்தது. அதில் ஒரு கோல் ஜர்னைல் சிங் போட்டது! வாத்தியாரின் கணக்குத் தப்பவில்லை.

கேட்டது ஒரே பரிசு

இறுதிப் பந்தயம் செப்டம்பர் 4-ந் தேதி. எதிரே, முதல் நாள் தோற்கடித்த அதே தென் கொரியா. ரஹீம் மறுபடியும் யோசித்தார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடித்து ஆடுகிறவர்கள். அதற்கு உயரமான கோல் கீப்பர் வேண்டும். நன்றாக ஆடிக் கொண்டிருந்த பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை நிறுத்தினார்.

பந்தயத்துக்கு முன்பு ரஹீம் தம் பையன்களிடம் ஒரே ஒரு பரிசு கேட்டார். அது அந்தத் தங்கப் பதக்கம். அப்போது அவர் உடல் எந்த நிலையில் இருந்தது என்பது பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள். இந்தியாவின் தேசிய கீதம் ஒலித்தபோது கூச்சல். இந்தியர்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்று இந்திய ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

17-வது நிமிஷத்தில் பி.கே.பானர்ஜி கோல் போட்டார். கூச்சல் கொஞ்சம் அடங்கியது. 20-வது நிமிஷத்தில் இரண்டாவது கோல். போட்டவர் தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங்! பிறகு கொரியர்கள் மோதிப் பார்த்தார்கள். உயர வந்த பந்துகளைத் தங்கராஜ் பிடித்தார். அருண் கோஷ் பின்னணியைக் கட்டிக் காத்தார். அடிபட்ட காலோடு திரிலோக் சிங் ஆடினார். கடைசிக் கட்டத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் முடியவில்லை. 2-1!

மைதானம் வாயடைத்துப் போனது. ரஹீம் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது.

வாத்தியார் மறைந்தார்

ஜாகர்த்தாவிலிருந்து திரும்பிய ரஹீமை நோய் படுக்கையில் தள்ளியது. 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 53. தங்கம் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் கையால் வளர்ந்தவர்கள் விருது பெற்றார்கள். பானர்ஜி, பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், யூசுப் கான், தங்கராஜ் ஆகியோருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. ஆனால் அவர்களைப் பொறுக்கி நிறுத்திய வாத்தியாருக்கு? பயிற்சியாளர்களுக்கான துரோணாசாரியார் விருது 1985-ல்தான் ஏற்பட்டது. அதற்குள் ரஹீம் மறைந்து 22 வருஷம் ஓடிவிட்டது. அவர் கதை மைதான் என்ற இந்திப் படமாகி 2024-ல் திரைக்கு வந்தது. அப்போதுதான் அவர் பெயரை முதல் தடவையாகக் கேட்டவர்கள் பலர்.

அவருடைய மகன் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் பெற்றவர். தந்தை வழியிலேயே கால்பந்துக்கு உழைத்தார். பின்னாளில் சர்வதேச நடுவராகவும் விளங்கினார்.

ரஹீம் விட்டுப்போன வேகத்தில் இந்தியா 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம் பெற்றது. 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான். தங்கமோ ஜாகர்த்தாவோடு நின்றுவிட்டது.

ஆட்டக்காரர்களுக்கு இந்த நாட்டில் என்றும் பஞ்சமில்லை. அம்முகுடாவில் ஒரு பலராம் பிறந்தது போல எந்தக் கிராமத்திலும் பிறக்கலாம். அவன் எந்த இடத்தில் நின்றால் ஜெயிப்பான் என்று பார்க்கும் கண்ணும், அவன் வந்து போகத் தினம் ஒரு ரூபாய் எடுத்துக் கொடுக்கும் கையும் கொண்ட வாத்தியார் கிடைப்பதுதான் அருமை.